வாங்குபவர் பெயர்

அத்தியாயம் 14

மனை வாங்கலாமா என்று கேட்டதற்கு ரூத் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் வழியில் ஜெபதாஸ் மனைவியை வடக்குப்பட்டுக்கு அழைத்துப்போய் மனையைக் காட்டினார். நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல். ஒரு பக்கம் ஏதோ கம்பெனிக் கிடங்கின் நீலத் தகரச் சுவர், மறுபக்கம் தண்ணீர் தேங்கிய பள்ளம். ரூத் சுற்றிப் பார்த்தாள். வெயில் அதிகம் என்றாள். பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் தரகர் மாரியிடம் முன்பணம் கொடுத்துவிட்டார்.

ஆனால் நஷ்டஈட்டுப் பணம் ரூத்தின் கணக்கில் இருந்தது. மகன் எபினேசர் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தனக்கு ஏதாவது ஆனால் யாருக்கு என்று கேட்ட இடத்தில் அம்மா பெயரைக் கொடுத்திருந்தான். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரஸ் மெஷின் அவனை இழுத்துக்கொண்டது. நண்பர்களோடு ஏற்காடு போகவேண்டிய சனிக்கிழமை அது. வாஷிங் மெஷின் தவணை பாக்கி இருக்கிறது, ஓ.டி. விட முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டு அவன் மட்டும் நின்றுகொண்டான்.

வாஷிங் மெஷின் வேண்டும் என்று கேட்டவள் ரூத்.

தண்டலத்தில் அவர்கள் இருந்தது வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் மூன்றாவது. முன்னறையில் ஃபிரிட்ஜ், டி.வி., மிக்சி, மூலையில் அந்த மெஷின். எல்லாம் எபி மாதாமாதம் தவணை கட்டி வாங்கியவை. மெஷின்மேல் பழைய போர்வை ஒன்று கிடந்தது. நான்கு மாதமாக ரூத் பொதுக் குழாயடியில் உட்கார்ந்து கையால்தான் துவைத்தாள்.

இன்றும் காலையில் அங்கேதான் இருந்தாள். ஜெபதாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கிடங்கு ஒன்றில் செக்யூரிட்டி வேலை அவருக்கு. வெள்ளைச் சட்டை கோயிலுக்கும் பதிவு ஆபீசுக்கும்தான்.

"இன்னிக்கி பத்திரம் அடிச்சிடணும். நாளைக்கி பதிவுக்கு டோக்கன். நீ வந்து படிச்சுப் பாத்துட்டு, பேங்க்ல ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சிது."

ரூத் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பணத்துல கட்டுன வூட்ல நான் எப்டி தூங்குவேன்?"

"இந்த வூட்ல எப்டி தூங்குற?"

அவள் கை நின்றது.

ஜெபதாஸ் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு காத்திருந்தாள். "எபிய ஆஸ்பத்திரிலேருந்து எடுத்தாந்தப்ப ஓனர் இன்னா சொன்னான்? உள்ள வைக்கக் கூடாது, மத்த குடித்தனம் காலி பண்ணிடும்னான். ரோட்டுல சாமியானா போட்டு, வண்டிங்க ஹாரன் அடிச்சிகினு போவ, நடுத்தெருவுல வெச்சு ஜெபம் பண்ணோம். எம்புள்ளைய அவன் தூங்குன எடத்துல ஒரு மணி நேரம் படுக்கவைக்க முடியல. நீயும் நானும் அப்டித்தான் போவணுமா?"

"செத்தா வைக்கிறதுக்கு ஒரு வூடா?"

"ஆமா. அதுக்குத்தான்."

பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது இரவு ஷிஃப்ட் முடிந்து ஜோவிதா வந்தாள். எபிக்கு இரண்டு வயது இளையவள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஃபோன் சோதிக்கும் லைனில் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீயே சொல்லு ஜோவி," என்றார் ஜெபதாஸ். "உங்கம்மா இன்னாதான் நெனைக்கிறா?"

"எனக்கு எங்கனா போவணும்," என்றாள் ரூத்.

"எங்க?"

"அவன் போவாத எடத்துக்கு. அந்த ஏற்காட்டுக்கு. அதே வண்டியில. அந்தப் பசங்களை எல்லாம் கூட்டிகினு."

ஜோவிதா குழாயைத் திறந்து முகம் கழுவத் தொடங்கினாள்.

"ரெண்டு நாள் சுத்திட்டு வருவ," என்றார் ஜெபதாஸ். "அப்பறம்? கையில இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. அதான் எனக்கு வேணும். இருக்கிற சாமானுங்களையே என்னால பாக்க முடியல. அந்த ஃபிரிட்ஜ் சத்தம் போடுறப்பல்லாம் அவன் கண்ணு முழிச்சு வேலை பாத்ததுதான் ஞாபகம் வருது. இன்னொண்ணையும் கட்டி என் கண்ணு முன்னாடி நிறுத்தாதீங்க. போயிட்டு வந்தா தீந்துறணும் அந்தப் பணம்."

"பைத்தியம் மாரி பேசாத."

"பேசிட்டுப் போறேன்." ஈரத்துணியை வாளியிலேயே விட்டுவிட்டு ரூத் எழுந்தாள். "நான் சுங்குவார்சத்திரம் வரைக்கும் போயிட்டு வரேன். பத்திரம் ஓடிடாது."

"அங்க யாரம்மா?" ஜோவிதா முகத்தில் தண்ணீர் சொட்டக் கேட்டாள்.

ரூத் புடவையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஜோவிதா வாசல் வரை வந்தாள். அதற்குமேல் வரவில்லை.

*

எபியோடு ஒரே லைனில் நின்றவன் பகலவன். எபி இறந்த பிறகு அந்தக் கம்பெனிக்குப் பகலவன் திரும்பிப் போகவில்லை. இப்போது சுங்குவார்சத்திரத்தில், நெடுஞ்சாலை ஓரம், ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்களுக்கு நேரம் பார்க்கும் வேலை. ஒரு டீக்கடை பெஞ்சும் குடையும்தான் அவன் ஆபீஸ்.

ரூத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "இன்னாமா நீங்க இங்க? ஒரு ஃபோன் அடிச்சிருந்தா நானே வந்திருப்பேனே."

"உக்காருப்பா. வேலையக் கெடுக்கல."

"இது ஒரு வேலை. பஸ்ஸு லேட்டா வந்தா டிரைவர் என்னைத் திட்டுவான், சீக்கிரம் வந்தா கம்பெனில திட்டுவான்." சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. டீ சொன்னான்.

அவள் நேராகவே கேட்டாள். ஏற்காட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்த வழியாகப் போனார்கள், எங்கே சாப்பிட்டார்கள். அவன் டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்.

"சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லமா. மேல ஏறுறப்பவே ரெண்டு பேர் வாந்தி. போய்ச் சேர்ந்தா ஒரே பனி, மழைத் தூறல். வியூ பாயின்ட்னு ஒரு எடத்துல எறக்கி விட்டான், எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியல. ஏரில போட்டுக்கு டிக்கெட் எடுத்தோம், மழைன்னு நிறுத்திட்டான். மெளகா பஜ்ஜி தின்னுட்டு வண்டிலயே உக்காந்திருந்தோம். அதுக்குள்ள ஃபோன் வந்துடிச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நான்கு மாதமாக அந்த மலையை அவள் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தாள். வெயிலும் ஏரியும் பையன்களின் சத்தமும், நடுவில் ஒரு ஆளுக்கான இடமும்.

"பரவால்ல. எனக்குப் போவணும். அதே வண்டி பேசு. செலவு என்னுது. அன்னிக்கி வந்த எல்லாரையும் வரச்சொல்லு."

பகலவன் சாலையைப் பார்த்தான். "எவனும் வரமாட்டான்மா. லீவு கெடைக்காதுன்னு சொல்வானுங்க. கெடைச்சாலும் வரமாட்டானுங்க. அந்த குரூப்பே இப்ப இல்ல. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதே இல்ல."

"அவன் சீட்டு எது? போவும்போது காலியாவே போச்சா?"

"ம்... காலிதான்."

சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஃபோட்டோ எடுத்திருப்பீங்களே. காட்டு."

"அழிச்சிட்டேன்மா."

"எபி இருக்கிற ஃபோட்டோ எதையும் நீ அழிக்கல. அடக்கத்தன்னிக்கி நீதான் எல்லாருக்கும் அனுப்புன. இத மட்டும் அழிச்சியா?"

அவன் ஃபோனை எடுத்தான். வேகமாகத் தள்ளினான். வெள்ளையான படங்கள், பனியில் பாதி மறைந்த முகங்கள், வண்டியின் முன்பக்கம். அவன் அக்கா இசைவாணியும் அவளோடு வேலை செய்யும் பெண்கள் மூன்று பேரும் ஒரு படத்தில் குளிரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ரூத் அவன் கையைப் பிடித்தாள்.

"நிறுத்து."

மூன்று பேரில் ஒருத்தி துப்பட்டாவைத் தலையில் போட்டு முகத்தைத் திருப்பியிருந்தாள். முகம் தேவைப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த கடுகு நிறச் சுடிதார். நீளமாக இருக்கிறதென்று அடியில் மடித்து ரூத்தே தைத்துக்கொடுத்தது. கடையில் அதே நிறத்து நூல் கிடைக்காமல் கறுப்பு நூலில் தைத்திருந்தாள்.

"ஜோவியா?"

பகலவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். ஒரு பஸ் வந்து நின்று, டிரைவர் அவனைப் பார்த்து ஹாரன் அடித்து, திட்டிவிட்டுப் போனான்.

"அன்னிக்கி அவளுக்கு டபுள் ஷிஃப்ட். உங்கக்காவோட ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன்னு சொன்னா."

"அப்டித்தான் சொல்லச் சொன்னான் எபி." பகலவன் தலையைத் தூக்காமலே சொன்னான். "எங்கக்கா போறான்னு தெரிஞ்சு ஜோவி அவனைக் கேட்டுகினே இருந்துது. நானும் வரேன், ஒரு தடவை வரேன்னு. வண்டில எடம் இல்ல. லைன்லயும் ஒருத்தன் நின்னாத்தான் மத்தவனுக்கு லீவுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். எபி நான் நிக்கறேன்னான். என் சீட்டுல தங்கச்சி போவட்டும்னான்."

"மெஷினுக்குத் தவணை கட்டணும்னானே."

"அது வூட்ல சொல்றதுக்கு. தவணையெல்லாம் பொங்கலுக்கு முன்னாடியே கட்டி முடிச்சிட்டான். நெஜத்தைச் சொல்லியிருந்தா நீங்க அனுப்பியிருப்பீங்களா?"

ரூத் யோசித்தாள். "மாட்டேன்."

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வீடியோ கால்ல வந்தான். ஜோவி ஃபோனைத் திருப்பித் திருப்பி பனியைக் காட்டுச்சு. 'வெறும் பொகையா கீது, இதுக்காடி என் சீட்டைப் புடுங்கிகினு போன'ன்னு சிரிச்சான். பெல் அடிச்சிடுச்சுன்னு வெச்சிட்டான்."

ரூத் டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளாஸை வைத்தாள்.

"ஜோவியை ஒண்ணும் கேட்டுடாதீங்கமா," என்றான் பகலவன். "அது எங்கக்காகிட்ட கூட இப்பப் பேசுறது இல்ல."

*

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் இருந்தது, வேறு சொல் இல்லை. மெஷினுக்காக அவன் சாகவில்லை. தான் கேட்ட பொருளுக்காகச் சாகவில்லை. இரண்டு நிறுத்தம் வரை அந்த நினைப்பே போதுமாக இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள்.

பிறகு அன்றைய இரவு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜோவிதா கடைசியாகத்தான் வந்தாள். ஷிஃப்டிலிருந்து அனுப்பக் காலதாமதம் ஆகியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கட்டிப்பிடித்து அழுதபோது அவள் தலைமுடி ஈரமாக இருந்தது. உடம்பில் நீலகிரித் தைல வாசனை. ஏதோ தலைவலித் தைலம் என்று நினைத்தது கூட இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது.

போயிருக்கட்டும். போனது தப்பில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், தினமும் ஒரே மேசையில் ஒரே ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள், ஒரு நாள் பனியைப் பார்க்க ஆசைப்பட்டாள். அண்ணன் இடம் கொடுத்தான். அந்த ஒரு நாள்தான் அவன் தங்கைக்கென்று வாங்கிக் கொடுத்தது.

ஆனால் நான்கு மாதம். குழாயடியில் உட்கார்ந்து ரூத் துவைத்ததெல்லாம் அவள் துணியும் சேர்த்துத்தான். போர்வை மூடிய மெஷினின் பக்கத்தில் பாய் போட்டு அவள் படுத்திருந்தாள். "நான் கேக்காம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னபோதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லம்மா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் ரூத் இறங்கினாள். கணவருக்கு ஃபோன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ராமன் கடையில. பதிவு ஆபீஸ் எதிர்ல. ஜோவியையும் கூட்டியாந்தேன், இங்கிலீஷ்ல எதுனா இருந்தா படிக்கிறதுக்கு. நீ வரியா?"

"வரேன்."

*

பத்திர எழுத்தர் ராமனின் கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. தரகர் மாரி வாசலில் நின்று யாரிடமோ வேறு மனை பேசிக்கொண்டிருந்தார். ஜோவிதா தூங்காத கண்களோடு ஓரத்து நாற்காலியில் இருந்தாள். ரூத் உள்ளே வந்ததும் ஜெபதாஸ் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"ஸ்தோத்திரம். வந்துட்டா. நீங்க படிங்க சார்."

ராமன் படித்தார். விற்பவர் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், நான்கு எல்லை. "வாங்குபவர், ஜெபதாஸ் மனைவி ரூத். சரியா பாத்துக்கங்க. இப்ப மாத்தலாம், நாளைக்கி உள்ள போயிட்டா மாத்த முடியாது."

"மாத்துங்க," என்றாள் ரூத்.

ஜெபதாஸின் முகம் விழுந்தது. "ரூத்து."

"மனை வாங்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. வூடும் கட்டுங்க. என் பேர் வேணாம். ஜோவிதா பேர் போடுங்க."

வாசலில் மாரி பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "கல்யாணம் ஆயி வேற வூட்டுக்குப் போற பொண்ணு பேர்லயாமா?"

"எனக்கப்பறம் அவளுக்குத்தானே. இப்பவே எழுதிடட்டும்."

ஜெபதாஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா ஜோவி? இவ்ளோ நாள் வேணாம் வேணாம்னது எதுக்குன்னு இப்பத் தெரியுதா? உங்கம்மாவுக்கு நீதான்."

"எனக்கு வேணாம்பா," என்றாள் ஜோவிதா.

மாரி சிரித்தார். "ஒரகடம் பக்கத்துல மனை வேணாங்கற பொண்ண இப்பதான் பாக்குறேன்."

"எனக்கு வேணாம். அம்மா பேர்லயே இருக்கட்டும்."

"ஏன் வேணாம்னு சொல்லு," என்றாள் ரூத். கோபமே இல்லாத குரல். "அப்பா கேக்குறாரு பாரு."

ஜோவிதா நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காலைல பகலவனப் பாத்தேன்," என்றாள் ரூத் அதே குரலில், ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல. "சுங்குவார்சத்திரத்துலதான் கீறான். எளைச்சிட்டான் பாவம். உன்னை விசாரிச்சான்."

ஜெபதாஸ், "நல்ல பையன்," என்றார்.

ஜோவிதா துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். விரல் நுனி வெளுத்தது. அம்மாவின் முகத்தை அவள் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்து, கேட்காமலே அதற்குப் பதிலும் கிடைத்து, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று.

"ஆதார் நம்பர் சொல்லும்மா," என்றார் ராமன்.

அவளுக்கு அது மனப்பாடம். நான்கு நான்காகச் சொன்னாள். கடைசி நான்கைச் சொல்லும்போது ராமன், "சத்தமா சொல்லுமா," என்றார். திரும்பச் சொன்னாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ரூத் கொடுக்கத்தான் நினைத்து வந்தாள். இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு கூரை. அப்படித்தான் தனக்கே சொல்லிக்கொண்டாள். இப்போது இந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், தன் கண்முன் நிற்கக் கூடாது என்று தான் தள்ளியதை எடுத்து மகளின் கண்முன் நிறுத்துகிறோம் என்பது அவளுக்கு விளங்கியது. தினமும் கதவைத் திறந்து, அண்ணன் சாவில் வந்த வீட்டுக்குள் அவள் போகவேண்டும். சொந்த வீடு. காலி செய்துகொண்டு போக முடியாது.

ராமனின் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ரூத் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள் சூடாக வெளியே வந்தது.

"நாளைக்கி பதினோரு மணி," என்றார் ராமன். "வாங்குறவங்க நேர்ல வந்து கைரேகை வெக்கணும். அவங்க வராம ஒண்ணும் ஆவாது."

"ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வந்துடறேன்," என்றாள் ஜோவிதா, யாரையும் பார்க்காமல்.

*

சாயங்காலம் ஜெபதாஸ் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். முன்னறை பெரியதாக வேண்டும் என்றார். எதற்கென்று சொல்லவில்லை. வாசலுக்குமேல் எபினேசர் இல்லம் என்று எழுத வேண்டும் என்றார்.

ஜோவிதா குளித்தாள். சாப்பிட்டாள். தலையை வாரிப் பின்னிக்கொண்டாள். அம்மா மடித்து வைத்திருந்த துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். வழக்கமாக ஷிஃப்டுக்குத் துணி எடுத்துப் போகிறவள் இல்லை. "வரேன்பா," என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

கம்பெனி பஸ் முக்கில் நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப்போன சத்தம் கேட்டது.

விளக்குப் போட எழுந்த ரூத் சுவரோரம் நின்றாள். கதவுக்குப் பின்னால் ஆணியில், நாடாவோடு, ஜோவிதாவின் கம்பெனி ஐ.டி. கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள், கேட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். மறந்துபோகிற பொருள் இல்லை. மூன்று வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை.

ரூத் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஃபோட்டோவில் ஜோவிதா வேலைக்குச் சேர்ந்த நாளின் முகத்தோடு இருந்தாள்.

"ஜோவி பஸ் ஏறிட்டாளா?" என்றார் ஜெபதாஸ், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏறிட்டா," என்றாள் ரூத்.